எங்கள் ஆளுகளுக்கு ஆகாது

திண்டுக்கல்
17-1-1966

அன்புள்ள தங்கச்சி ரிபேக்காவுக்கு, மதினி ஆனந்தமேரி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகள் நாலு பேரும் சுகமாக இருக்க வேண்டும். காகிதத்தின் தலையில் எப்போதும் போடும் சிலுவையை இன்றைக்குப் போடவில்லை. உன் வீட்டுக்கு வருகிற காகிதம், உனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான்.

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. பேரன் சூசை செத்துப்போன செய்தி கேட்டு உனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்த பிறகு நான் நரம்பு கிழித்துக்கொண்டிருந்த புகையிலைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தவள்தான். சுருட்டுக் கம்பெனிக்காரர் வந்து, ‘என்ன மேரியம்மா, இலையில நரம்பு அப்படியே கிடக்கு’ என்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

நீ எழுதியிருந்தது இதுதான். உங்கள் ஊருக்கு டாக்டர்கள் வந்து, கொச்சியிலிருந்து போன உங்கள் யூத ஆட்கள் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஆண்களில் சில பேருக்கு ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து பிறவியிலேயே குறைச்சல். அவர்கள் மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையைத் தின்றால் ரத்தம் உடைந்துபோகும், மூத்திரம் வரக்காப்பி மாதிரி கறுத்துப்போகும். உன் மூத்த மகனுக்கும் அந்தக் குறை இருக்கிறது, நல்ல வேளை முன்னாடியே தெரிந்தது என்று எழுதியிருந்தாய்.

ரிபேக்கா, சூசை எப்படிச் செத்தான் என்று நான் உனக்கு முழுசாக எழுதவில்லை. மஞ்சள் காமாலை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மகள் எஸ்தரைக் கட்டிக்கொடுத்த பாலசமுத்திரம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே காய்ச்சலுக்குக் குறைவில்லை. மருமகன் ராயப்பராஜுக்கு மலேரியா ஒழிப்பில்தான் உத்தியோகம். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களுக்கு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புவார். மலேரியா என்று வந்தால் பதினாலு நாள் மாத்திரை கொடுப்பார். வந்துபோன தேதியை அந்த வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு வருவார். ஐப்பசி மழையில் சூசைக்குக் காய்ச்சல் கண்டது. தகப்பனே ரத்தம் எடுத்தார். தகப்பனே மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. நாலாம் நாள் மூத்திரம் கறுத்தது. சம்பந்தியம்மா சவரியம்மாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மருமகன் மட்டும் ஒரு வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ‘ஊர்ல அம்புட்டுப் பேரும் பாதியில தூக்கி எறியுறான், அதனாலதான் காய்ச்சல் போக மாட்டேங்குது. என் வீட்டுலயாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்’ என்றாராம். ஆறாம் நாள் பிள்ளையின் உதடு காகிதம் மாதிரி வெளுத்துப்போனது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எட்டாம் நாள் போய்விட்டான். நாலு வயசு.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. சின்ன வயசு டாக்டர் ஒருவர் எஸ்தரைக் கூப்பிட்டு, ‘உங்க வீட்டு ஆம்பளைங்க யாருக்காச்சும் காய்ச்சல் மருந்து சாப்பிட்டு இப்படிக் கறுப்பாப் போயிருக்காம்மா? உங்க அப்பா எந்த ஊரு, என்ன ஆளுக?’ என்று கேட்டார். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். நான்தான் முந்திக்கொண்டு, ‘கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவங்கய்யா. யாருக்கும் அப்படி வந்ததில்ல’ என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். அப்போது பிள்ளைக்கு உயிர் இருந்தது ரிபேக்கா.

வந்ததில்லை என்று நான் சொன்னது பொய். உன் அண்ணனுக்கு வந்தது. சண்டைக் காலத்தில், எஸ்தர் கைப்பிள்ளையாக இருந்தபோது, அவர் தோல் வாங்கத் தொப்பம்பட்டி பக்கம் போய்க் காய்ச்சலோடு திரும்பினார். யாரோ பட்டாளத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். நாலாம் நாள் இதே கறுப்பு. பிழைத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, ‘மேரி, இந்த மாத்திரை எங்க ஆளுகளுக்கு ஆகாது. எங்க அம்மாவோட தம்பி இப்படித்தான் போனார்’ என்பது.

எங்கள் ஆளுகளுக்கு ஆகாது என்று அவர் சொன்னவை எத்தனையோ உண்டு. பன்றி ஆகாது. செதில் இல்லாத மீன் ஆகாது. கறி தின்ற வாயில் மோர் ஆகாது. ரம்ஜானுக்குப் பாய்மார் வீட்டிலிருந்தும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவிலிருந்தும் சட்டி சட்டியாக வரும். ‘எல்லாரும் நம்மளை அவங்க ஆளுன்னு நினைச்சு அனுப்புறாங்க, ஒண்ணையும் தின்ன முடியலையே’ என்று அவரே சிரிப்பார். அந்த வரிசையில் மாத்திரையையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். அதுவும் உங்கள் மதத்தில் சொன்ன ஒரு கட்டுப்பாடு என்றே நினைத்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அவர் இருந்தவரை காத்தேன். அவர் போன பிறகு, எஸ்தருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு, இனிமேல் இதெல்லாம் நமக்கில்லை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டோம். மாத்திரையும் அதோடு போய்விட்டது.

ஞானஸ்நானம் ஏன் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஐம்பத்துநாலில் நீங்கள் எல்லாரும் யூத நாட்டுக்குப் புறப்பட்டபோது எஸ்தரைக் கூட்டிக்கொண்டு எர்ணாகுளம் வந்து உங்கள் ஜெபப் பள்ளி வாசலில் நின்றேனே. அவளுக்குப் பதினாலு வயசு, தகப்பன் செத்து ஒரு வருஷம் ஆகவில்லை. பெரியவர்கள் முகம் சுளிக்கவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்கள். தாய் யூதப் பெண்ணாக இருந்தால்தான் பிள்ளை யூதப் பிள்ளை, தகப்பனை வைத்துக் கணக்கில்லை என்றார்கள். முழுக்குப் போட்டு மதத்தில் சேரலாம், அதற்கு நாள் பிடிக்கும், விமானம் அதுவரைக்கும் நிற்காது என்றார்கள். எங்கள் ஊரில் பிள்ளை என்றால் தகப்பன் சாதிதான், அதனால் எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அவள் நடந்துவந்தால் செத்துப்போன உன் அம்மா வருகிற மாதிரி இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அப்படியும் விமானத்தில் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நீ மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் அப்போது சின்னப் பிள்ளை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? ஒற்றைப் பெண்ணை எந்தச் சாதியில் கொடுப்பேன்? பங்குச் சாமியாரிடம் போய் அழுதேன். உன் அண்ணனுக்கு இருந்த ஏலியாஸ் என்ற பெயர் கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கும் உண்டு, அது எனக்கு வசதியாகப் போயிற்று. சம்பந்தி வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கட்டிக்கொடுத்தேன்.

நீ எழுதியிருக்கிறாய், இந்தக் குறை தகப்பனிடமிருந்து மகனுக்கு வராதாம். மகளுக்குப் போகுமாம். அவளை ஒன்றும் செய்யாமல் அவளுக்குள் ஒளிந்திருந்து, அவள் பெறுகிற ஆண் பிள்ளையில் தலைகாட்டுமாம். அப்படியென்றால் உன் அண்ணனிடமிருந்து எஸ்தருக்கு, எஸ்தரிடமிருந்து சூசைக்கு. ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. உங்கள் பட்டியலில் இடம் கிடைக்காத என் மகளுக்கு, இந்த ரத்தத்தில் மட்டும் எப்படி இடம் கிடைத்தது?

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். சூசைக்கு ஒரு தம்பி இருக்கிறான், லூர்து. ஒன்றரை வயசு. அவனுக்கும் அது இருக்குமா, இருக்காதா? காய்ச்சல் வந்தால் அவனுக்கும் அவன் அப்பா அந்த மாத்திரையைத்தான் கொடுப்பார், நாள் தவறாமல் கொடுப்பார். அதைத் தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நான் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தது வெளியே வரும், எஸ்தரை அந்த வீட்டில் வைக்க மாட்டார்கள். அது போகட்டும். அந்த மனுஷனிடம் போய், உங்கள் பிள்ளையை உங்கள் கையாலேயே என்று எப்படிச் சொல்வேன்? நல்ல மனுஷன் ரிபேக்கா. இன்றைக்கும் சூசையின் சட்டையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறார் என்று எஸ்தர் சொன்னாள். சொன்னால் அவரைக் கொன்றவளாவேன். சொல்லாவிட்டால் பிள்ளையைக் கொன்றவளாவேன். எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் சுவர்தான் இருக்கிறது.

எஸ்தருக்கு உன் கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை.

உன்னைக் கேட்டுக்கொள்வது, அந்த டாக்டர்கள் எழுதிய காகிதம் ஒன்று வாங்கி அனுப்பு. எந்த மாத்திரை கூடாது, எது கொடுக்கலாம் என்று இங்கிலீஷில் எழுதி வாங்கு, மருமகனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். மொச்சைப் பயறும் ஆகாது என்று எழுதியிருக்கிறாய், இங்கே இப்போது மொச்சைக் காலம், அதையும் தெளிவாகக் கேள். தாமதம் செய்யாதே தாயி. பங்குனியில் மறுபடி காய்ச்சல் கிளம்பும். நீ இங்கே தங்கிக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷம் படித்த தமிழ் இதற்காகவே படித்ததாக இருக்கட்டும்.

உன் பிள்ளைகள் தலைமேல் என் கை இருக்கிறது.

இப்படிக்கு,
மதினி ஆனந்தமேரி


திண்டுக்கல்
12-4-1966

அன்புள்ள ரிபேக்காவுக்கு மதினி எழுதுவது. உங்கள் பாஸ்கா பண்டிகை முடிந்திருக்கும். எங்களுக்கு முந்தாநாள்தான் ஈஸ்டர் முடிந்தது. உன் கடிதமும் டாக்டர் காகிதமும் மாசிக் கடைசியில் வந்து சேர்ந்தன. அதை வாங்கித் தர நீ ரெண்டு பஸ் மாறிப் போனதாக எழுதியிருந்தாய். நீ பட்ட சிரமம் வீண்போகவில்லை. லூர்து உயிரோடு இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

பங்குனி பிறந்து பத்து நாளில் பழனி பஸ் கண்டக்டர் வாசலில் வந்து, ‘யம்மா, ஒங்க மக சொல்லச் சொல்லுச்சு, சின்னவனுக்கு மேலு சுடுதாம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பஸ்ஸிலேயே ஏறினேன். காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். பாதை முழுக்க ஒரு வார்த்தையைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். ‘சூசை போனதுக்கு நீங்க காரணமில்ல மாப்பிள்ளை’ என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ரத்தம் எடுத்து அனுப்பி முடிவும் வந்திருந்தது. மலேரியாதான். மாத்திரைப் பொட்டலம் மாதா படத்துக்குக் கீழே மாடத்தில் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முதல் வேளை. எஸ்தர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மருமகனை வாய்க்கால் பக்கம் வரச்சொல்லிக் கூட்டிப்போனேன். பழகினது ஒன்றும் வாயில் வரவில்லை. காகிதத்தை எடுத்து நீட்டினேன். ‘உங்க மாமனார் கிறிஸ்தவர் இல்ல, யூதர்’ என்றேன். மிச்சத்தை அவரே விரல் வைத்துப் படித்தார்.

ரொம்ப நேரம் படித்தார். பிறகு, ‘அப்ப சூசைக்கு... நான் குடுத்ததா அத்தை?’ என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன் ரிபேக்கா. இல்லை என்று சொன்னால் சாயங்காலம் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பாரே. ‘ஆமா மாப்பிள்ளை, அந்த மாத்திரைதான்’ என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக் கட்டினார். டாக்டர் கொடுக்கலாம் என்று எழுதியிருந்த மற்ற மாத்திரையை மட்டும் கொடுத்தார். எஸ்தருக்கும் அவர்தான் சொன்னார், அடுப்படியில் வைத்து, தணிந்த குரலில். அவள் சத்தம் போட்டு அழவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா, ‘என்னடா ரகசியம் பேசுறீங்க மூணு பேரும்?’ என்று கேட்டபோது ஒளிக்காமல் அவரிடமும் சொல்லிவிட்டார். அந்த அம்மா, ‘சேசுவைச் சிலுவையில அறைஞ்ச சாதியிலயா பொண்ணு எடுத்துருக்கோம்? அதுவும் சேசு பாடுபட்ட தவசு நாள்லயா எனக்கு இதைச் சொல்றீக?’ என்று மார்பில் அடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, ‘ஏ மேரி, ஒரு பேரனைத் தின்னுட்ட. பொய்யைச் சோத்துல பெசஞ்சு ஊட்டிட்டியேடி’ என்றார். அந்த அம்மாவும் பேரனைப் பறிகொடுத்தவர்தானே.

பிறகு முடிவாக ஒன்று சொன்னார். ‘லூர்து எங்க வம்சம், இங்கதான் இருப்பான். ஒம்மவளை வேணும்னா கூட்டிட்டுப் போயிக்க. நீ மட்டும் இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.’ நான் எஸ்தரைப் பார்த்தேன். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்குப் பேசினாள். ‘நான் போனா இவனுக்கு யாரு காவல்? நாளைக்கு வேற ஆபீசர் வந்து மாத்திரையைக் குடுத்தா வேணாமுன்னு சொல்ல இந்த வீட்டுல யாரு இருக்கா? நான் எங்கயும் போகல’ என்றாள். மருமகன் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

காய்ச்சல் ஆறு நாளில் இறங்கியது. மொச்சையைப் பற்றிக் கவலை வேண்டாம், நீ சொல்லும் பயறு வேறு, நம் ஊர் மொச்சை வேறு என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். லூர்துவுக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று இதுவரை தெரியவில்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வளர்க்கச் சொல்லியிருக்கிறார் மருமகன். தன் உத்தியோகத்துக்கும் போகிறார். ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரை கொடுத்த மறுநாளே திரும்பப் போய், ‘பிள்ளைக்கு மூத்திரம் என்ன நெறத்துல போகுது?’ என்று கேட்கிறாராம். ‘இந்த மனுஷனுக்கு என்ன கோட்டி பிடிச்சிருச்சா’ என்று ஊரில் சிரிக்கிறார்கள் என்று கண்டக்டர் சொன்னார். வீட்டில் சாப்பிடுகிறார், படுக்கிறார், எஸ்தரிடம் பேசுவதில்லை.

அவளைத் துரத்தவில்லை. ஆனால் அவள் கையால் ஆக்கிய சோற்றை மாமியார் தொடுவதில்லை, தனக்கென்று ஒரு சட்டி வைத்துக்கொண்டார். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினவளை, ‘நீ எந்த மூஞ்சியோட சிலுவையை முத்தி செய்யப்போற?’ என்று நிறுத்திவிட்டார்களாம். ஊரே கோயிலில் இருக்க, அவள் மட்டும் பிள்ளையோடு வீட்டில் இருந்திருக்கிறாள். உங்கள் ஆட்கள் அவளைக் கிறிஸ்தவச்சி மகள் என்று விட்டார்கள். இங்கே யூதன் மகள் என்று விட்டார்கள். அவள் பிறந்ததில் அவள் செய்த குற்றம் என்ன? நான் அவளைப் பார்க்கப் போக முடியாது. அவள் பிள்ளையை விட்டு இங்கே வர முடியாது. அவள் உள்ளே, நான் வெளியே. பழனி பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் தினமும் ரெண்டு தடவை போகிறது.

உன் அண்ணனை அடக்கம் செய்யக் கோயிலிலும் இடமில்லை, பள்ளிவாசலிலும் இடமில்லை என்று ஆனபோது, சௌகத் அலி பாய் தன் தோல் மண்டிக்குப் பின்னால் ஒரு மூலையைக் கொடுத்தார் என்று எழுதியிருந்தேன். போன வாரம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஆகாது என்று சொன்னீர்களே, ஏன் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவருக்கும்தான் என்ன தெரியும்?

ரிபேக்கா, எஸ்தரையும் பிள்ளையையும் உங்கள் நாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் சட்டம் உங்கள் பெரியவர்களிடம் இருக்கட்டும். அவர்களைக் கேட்காமல் நீ செய்யக்கூடிய ஒன்றைத்தான் கேட்கிறேன். எஸ்தருக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதி அவளை விசாரிக்க வேண்டாம். நேராக அவள் பெயருக்கே எழுது. விலாசம் கீழே இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றும் வேண்டாம், உன் கோழிப்பண்ணையைப் பற்றி எழுது, உன் மகளுக்குத் தலை எப்படிப் பின்னிவிடுகிறாய் என்று எழுது. முடிக்கும்போது அத்தை என்று கையெழுத்துப் போடு.

மாதம் ஒன்று எழுதினால் போதும். தபால்காரர் அந்த வாசலில் நின்று, எஸ்தர் என்று சத்தமாகக் கூப்பிடட்டும். அந்த வீட்டில் இப்போது யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கட்டும்.

உன் மதினி,
ஆனந்தமேரி

விலாசம்: எஸ்தர், மலேரியா ராயப்பராஜ் வீடு, மாதா கோயில் தெரு, பாலசமுத்திரம், பழனி வழி, மதுரை ஜில்லா.